நாலாம் நம்பர் மைக்

தம்பிக்கு வயது நாற்பத்தாறு. முன்மண்டையில் முடி போய்ப் பல வருஷம் ஆகிறது. மூத்த மகளுக்குக் கல்லூரிப் படிப்பே முடியப்போகிறது. இருந்தாலும் சபையில் எல்லாருக்கும் அவன் தம்பிதான். அக்கா அவனை அப்படிக் கூப்பிடுகிறாள். அக்கா எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படித்தான் சபையும் கூப்பிடும். அவளையும் எல்லாரும் அக்கா என்றுதான் சொல்வார்கள். எண்பது வயதான ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்கூட, "அக்கா சொல்லிட்டாங்கன்னா சரிதான்" என்பார். அந்தச் சபையில் போதகர் பிரசங்கம் செய்வார், கமிட்டி தீர்மானம் போடும், நடப்பது என்னவோ அக்கா சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்ட அக்காவின் குரலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு, தம்பி ஒற்றை விரலால் இழுத்துக் கீழே போட்டான்.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். தம்பியின் பிழைப்பு வாஷிங் மெஷின் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சபையின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசையில் உட்கார்ந்து மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். மேசைமேல் மிக்ஸர். அதில் மைக்குக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபேடர்கள், அதாவது மேலே தள்ளினால் சத்தம் கூடவும் கீழே இழுத்தால் குறையவும் செய்கிற குட்டிப் பொத்தான்கள். ஒன்றாம் நம்பர் போதகருக்கு. நாலாம் நம்பர் அக்காவுக்கு. பாடகர் குழுவின் நடுவில் நின்று தனியாகப் பாடுகிறவள் அவள். இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில் வேறு ஒருவர் கால் பட்டதில்லை.

தம்பிக்கும் பாட்டு என்றால் உயிர். பாட்டுக்குத்தான் தம்பியைக் கண்டால் ஆகாது. அவன் குரல் எந்தச் சுருதியிலும் சேராது, எந்தத் தாளத்துக்கும் காத்திருக்காது. ஆனால் அவன் பாடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, ஆண்டவர் நேராக அவன் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி பாடுவான். குளியலறையில் பாடுவான், ஸ்கூட்டரில் ஹெல்மெட்டுக்குள் பாடுவான், ரிப்பேருக்குப் போன வீட்டில் மெஷினுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பாடுவான். விசுவாசம் என்றால் என்ன என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பாடிக் காட்டுவான். கேட்டவர் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

வினை அந்தப் பாட்டில்தான் வந்தது. சபை தொடங்கி ஐம்பது வருஷம் ஆனதற்கு நன்றி ஆராதனை. வெளியூரிலிருந்தெல்லாம் விருந்தாளிகள் வந்து நிறைந்திருந்தார்கள். ஆராதனைக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை ஒத்திகை பார்த்தபோது அக்கா பாதியில் நிறுத்தி, மைக்கிலேயே சொன்னாள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ பாடாத. உன் சத்தம் பின்னாடியிருந்து வந்து எங்க சுருதிய இழுக்குது. வாயை மட்டும் அசை, போதும்."

பாடகர் குழு சிரித்தது. குழுவில் சேர்ந்து மூன்று வாரமே ஆன கிட்டார்காரர்கூடச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேசைக்குத் திரும்பியவனுக்கு உள்ளுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.

ஆராதனையில் இரண்டாவது சரணம் வந்தது. அக்கா கண்ணை மூடி, அந்தப் பாட்டிலேயே உயரமான இடத்துக்கு ஏறத் தொடங்கினாள். தம்பியின் விரல் நாலாம் நம்பரை நைசாகக் கீழே இழுத்தது. கிட்டார் முழங்குகிறது, கீபோர்டு முழங்குகிறது, மற்ற பாடகர்களும் முழங்குகிறார்கள், நடுவில் அக்கா வாயை மட்டும் அசைக்கிறாள். அவள் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில்கூட அவள் குரல் இல்லை. சரணம் முடிந்ததும் விரல் ஃபேடரை மேலே தள்ளிவிட்டது. மொத்தம் முக்கால் நிமிஷம் இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் அக்கா நேராக மேசைக்கு வந்தாள்.

"தம்பி, ரெண்டாவது சரணத்துல என் மைக்குக்கு என்னடா ஆச்சு?"

'கை பட்டுடுச்சுக்கா' என்று சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டோடு முடிந்திருக்கும். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"மைக்குக்கு ஒண்ணும் ஆகலக்கா. மத்தவங்களது எல்லாம் வந்துச்சே. உன் குரல்தான் வரல."

"வரலையா?"

"மேல போறப்ப அப்படியே காத்தாப் போயிடுச்சு. வயசாகுதுல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சேர்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது கொசுறு. பாவம் செய்கிறவன் அளவாகச் செய்துவிட்டு நிறுத்த மாட்டான், கொசுறு போடாமல் அவனுக்கு ஆகாது.

எதற்கும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்கிற அக்கா, அன்றைக்குத் தொண்டையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

அடுத்த வாரமே அவள் தொண்டை மருத்துவரிடம் போனாள். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கே! எதுக்கும் ஒரு மாசம் குரலுக்கு ஓய்வு குடுத்துப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா கடைக்குப் போய் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் எழுத்தில்தான். அவளுக்கு வேலை நூலகத்தில். பேச்சே தேவைப்படாத இடம் என்று நினைப்பீர்கள். ஆனால் அங்கே இத்தனை வருஷமாக அதிகம் சத்தம் போட்டவள் அவள்தான், "சத்தம் போடாதீங்க" என்று. இப்போது சிலேட்டைத் தூக்கிக் காட்டினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நூலகம் சந்தைக்கடையாகிவிட்டது.

முதல் தடவை சிலேட்டோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், உட்கார்ந்து மெதுவாக எழுதிக் காட்டினாள்: "என் பெருமைக்கு ஆண்டவர் கொடுத்த அடி இது. எனக்கு வேண்டியதுதான்."

தம்பிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகிவிட்டது. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. "அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான்.

அவனுக்கு விழுந்த தண்டனை எப்போது தெரிந்தது என்றால், அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலையிலேயே. குளியலறையில் குழாயைத் திறந்தான், வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது, பாட்டு வரவில்லை. வார்த்தை தெரியும், ராகமும் அவனுக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் இருந்து தள்ளிவிடுகிற அந்த ஒன்று இல்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. பத்து நாள் ஆனதும் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அவன் மனைவியிடம் அக்கறையோடு விசாரித்தாள்.

"அவர் ஊர்ல இல்லையா? காலைல சத்தமே காணோம். நாங்களும் பத்து நாளா ஜன்னலத் திறந்து வச்சே பழகிட்டோம்."

தம்பி மன்னிப்புக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். ஸ்கூட்டரில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது கேட்டான். பச்சை விழுந்த பிறகும் கேட்டு, பின்னால் நின்றவர்களிடம் வசை வாங்கினான். ஒரு வீட்டில் மெஷினைத் திறந்து டிரம்முக்குள் தலையை விட்டவன், அங்கே கிடைத்த தனிமையில் உருகி, "என்னால முடியலையே ஆண்டவரே, என்னைக் கைவிட்டுடாதீங்க" என்று அழுதுவிட்டான். தலையை வெளியே எடுத்தபோது வீட்டுக்கார அம்மா வெளிறிப்போய் நின்றாள். "அவ்வளவு மோசமா இருக்கா? வாங்கி ரெண்டு வருஷம்தானே ஆகுது!"

ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் ஆறு வயதில் படித்தது, மறக்கவில்லை. ஆனால் மன்னிப்பு வந்த வண்டியில் சந்தோஷம் ஏறி வரவில்லை. வேதத்தில் ஒரு ராஜா உண்டு, பெரிய தப்புச் செய்துவிட்டு அழுதவர். அவர் அழுதபோது ராஜ்யத்தைக் கேட்கவில்லை, தொலைந்துபோன சந்தோஷத்தைத்தான் திருப்பிக் கேட்டார். ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் வாஷிங் மெஷின்காரன் எம்மாத்திரம் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

சரி, உழைத்தாவது கழுவிவிடுவோம் என்று இறங்கினான். வாரநாளில் ஆலயத்துக்குப் போய் வயர்களையெல்லாம் சிக்கெடுத்து வட்டமாகச் சுற்றி வைத்தான். முந்நூறு நாற்காலிகளையும் துடைத்தான். மேலே ஏறி மின்விசிறிகளின் இறக்கையைத் துடைத்தான். போதகர் இதைப் பார்த்துவிட்டார். வந்த ஞாயிறே பிரசங்கத்தில், "நம்ம தம்பியப் பாருங்க! யாரும் சொல்லாம, யாரும் பாக்காம செய்யறார். அதுதான் சுத்தமான இருதயம்" என்றார். முந்நூறு தலைகள் திரும்பி அவனைப் பார்த்துப் புன்னகை செய்தன. தம்பி மிக்ஸருக்கு அடியில் ஏதோ விழுந்துவிட்டது போலக் குனிந்தவன், பிரசங்கம் முடிகிறவரை நிமிரவில்லை. அதையும் தாழ்மை என்று பேசிக்கொண்டார்கள்.

நான்காவது வாரம் அக்கா ஒத்திகை நேரத்தில் மேசைக்கு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிலேட்டை நீட்டினாள்: "சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. உன் வேலையைக் கற்றுக்கொடு."

தம்பி நாற்காலியைச் சற்று மிக்ஸரை மறைக்கிற மாதிரி நகர்த்தினான். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? ஒவ்வொன்றாகக் காட்டினான். "இந்த ஹெட்போனைப் போட்டுக்கக்கா. இந்தச் சின்னப் பொத்தான அழுத்தினா அந்த மைக் மட்டும் உன் காதுல கேக்கும். ஃபேடர் கீழ இருந்தாலும் கேக்கும். வெளிய யாருக்கும் கேக்காது, உனக்கு மட்டும்தான்."

அக்கா தலையாட்டினாள். பிறகு நாலாம் நம்பர் மேல் விரலை வைத்து, இது எதற்கு என்று புருவத்தால் கேட்டாள்.

"அது... உன்னோடதுக்கா."

அன்றைக்கு அந்த மைக்கில் பல் டாக்டரின் மனைவி பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா ஃபேடரை மெதுவாகக் கீழே இழுத்தாள். கிட்டார் இருந்தது, கீபோர்டு இருந்தது, மற்ற குரல்கள் இருந்தன. பல் டாக்டரின் மனைவி மட்டும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஃபேடரை மேலே தள்ளினாள், குரல் வந்தது. மறுபடி இழுத்தாள், போனது. மறுபடி தள்ளினாள். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் பலப்பத்தை எடுத்து எழுதினாள்: "நல்ல மெஷின்."

அப்பாடா, தப்பித்தோம் என்று தம்பி மூச்சு விட்டான். நாற்பத்தாறு வருஷம் கூடப் பழகியும் அக்காவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு ஞாயிறு தவறாமல் மேசைக்கு வந்தாள். மூன்றே வாரத்தில் அவனைவிட நன்றாக வேலையைப் படித்துவிட்டாள். மருத்துவர் சொன்ன ஒரு மாதம் முடிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேலும் மூன்று வாரம் போனது. ஒரு மத்தியானம் அக்காவின் கணவர் தம்பியின் பட்டறைக்கு வந்து, பாதி பிரித்துப் போட்ட மெஷின் ஒன்றின் மேல் தளர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"என்ன அத்தான், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. வீடுதான் வீடா இல்ல. மொத வாரம் எனக்குச் சொர்க்கமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. இப்ப டிவிய எவ்வளவு சத்தமா வச்சாலும் வீடு வெறிச்சோடிக் கிடக்கு. நேத்து வேணும்னே ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டுப் பாத்தேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கூடத் திட்டல மாப்ள! எடுத்துக் காயப்போட்டுட்டுப் போயிட்டா." அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தான் போன கையோடு தம்பி பட்டறையைப் பூட்டிவிட்டு நூலகத்துக்குப் போனான். இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். திறந்திருந்த பதிவேட்டை மூடினாள். இரண்டு கையையும் கோத்து மேசைமேல் வைத்து, அவன் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒருவரும் அவனை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

"உன்... உன் வீட்டு வாஷிங் மெஷின் நல்லா ஓடுதா?"

அக்கா ஒரு பெருமூச்சு விட்டு எழுதினாள்: "அது ஓடுகிறது. நீயும்தான்."

அவனும் ஓடித்தான் போனான். ஓடின இடத்தில் போதகர் நின்றார். ஆலயத்து வாசலில் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, வர்ற ஞாயிறு நீங்கதான் மேடையேறி உங்க அனுபவத்தச் சாட்சியாச் சொல்றீங்க. தலைப்பு கொடுத்துட்டேன், 'ஊழியத்தில் சந்தோஷம்'. உங்களவிட்டா யாரு இருக்கா?" என்றார்.

"ஐயா, நான் மேடைல நின்னா மிக்ஸர யாரு பாத்துக்குவா?"

"அக்காதான் கத்துக்கிட்டாங்களே!"

ஞாயிறு வந்தது. தம்பி பாதுகாப்பாக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தான். நாற்காலி துடைப்பதில் உள்ள சந்தோஷம், வயர் சுற்றுவதில் உள்ள சந்தோஷம் என்று. அதைப் பிடித்துக்கொண்டு மேடையேறி, நடு மைக்கின் முன்னால் நின்றான். அது நாலாம் நம்பர். அக்கா இருபத்தாறு வருஷம் நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் மிக்ஸர் மேசை எவ்வளவு தூரம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இங்கே நிற்கிறவர் குரல், அங்கே உட்கார்ந்திருக்கிறவர் விரலை நம்பித்தான் இருக்கிறது. அங்கே அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றான். ஸ்பீக்கர்கள் கணீரென்று திருப்பிச் சொல்லின. "ஐயா என்னை சந்தோஷத்தப் பத்திப் பேசச் சொன்னாங்க."

காகிதத்தைப் பார்த்தான். எழுத்துகள் தெரிந்தன, வாய் மறுத்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"எங்கிட்ட சந்தோஷம் இல்லைங்க. பத்து வாரமா இல்ல. ஏன்னா, எங்க அக்கா..."

ஸ்பீக்கர் செத்தது.

தம்பி தொழில்காரன் அல்லவா? கரகரப்பு இல்லை, விட்டு விட்டு வரவில்லை. வயர் கோளாறு இல்லை. ஒரு விரல் சுத்தமாக இழுத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் இடது கை நாலாம் நம்பரின் அடியில் இருந்தது. வலது கை ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தது. அவனையே பார்த்து, ஒரு முறை தலையை அசைத்தாள். சொல்லு.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும். எப்போதோ தெரியும். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவன் வார்த்தை அவள் ஒருத்தி காதுக்கு மட்டும் போகிறது.

மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். மேலே அவனே துடைத்த மின்விசிறிகள் அவன் சத்தத்தைத் தின்றன.

"அக்கா, உன் குரல் எங்கயும் போகல. நான்தான் ஃபேடர இழுத்தேன். எல்லார் முன்னாடியும் பாடாதன்னியே, ஆத்திரம். அது முக்கால் நிமிஷத்துல போயிடுச்சு. ஆனா நீ வந்து கேட்டப்ப பொய் சொன்னேன் பாரு, அது போகவே மாட்டேங்குது. வயசாகுதுன்னு வேற சொன்னேன். நீ சிலேட்டோட வந்து உக்காந்தப்பகூடச் சொல்லாம இருந்தேன். எனக்குப் பாடத் தெரியாதுன்னு எனக்கே தெரியும்க்கா. பாடாம இருக்கத்தான் தெரியாம இருந்துச்சு, இப்ப அதுவும் தெரிஞ்சுபோச்சு. ஆண்டவர்கிட்ட தினம் தினம் மன்னிப்புக் கேட்டேன். உங்கிட்ட மட்டும்தான் கேக்கல. என்னை மன்னிச்சிடுக்கா."

சபைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணீர் தெரிகிறதே! "என்னமா உருகுறார் பாரு" என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். முன்வரிசையில் போஸ்ட்மாஸ்டர் காது மெஷினைக் கழற்றி, தட்டி, ஊதி, திரும்ப மாட்டிப் பார்த்தார். மைக்கைச் சரிசெய்யக் கிட்டார்காரர் எழுந்தபோது, தம்பிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த போதகர் கையைக் காட்டி உட்கார வைத்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். சிலேட்டுத் துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை. எழுதித் தூக்கிக் காட்டினாள்: "தெரியும். ஆறு வாரமாக." அழித்தாள். மறுபடி எழுதினாள்: "மன்னிச்சாச்சு." அழித்தாள். மேடையில் நிற்பவன் எதைப் பார்க்கிறான் என்று முந்நூறு தலைகளும் திரும்பியபோது சிலேட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"பாடு."

நாலாம் நம்பர் மேலே போனது. அவள் அதைப் பாதியில் நிறுத்தவில்லை, உச்சி வரைக்கும் தள்ளினாள்.

தம்பி வாயைத் திறந்தான். பத்து வாரம் அடைத்துக் கிடந்தது ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. சுருதியா? அது வேறு எங்கோ இருந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன, கீபோர்டுக்காரர் மூன்று கட்டை மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார், வெளியே நிறுத்தியிருந்த கார் ஒன்று அலறத் தொடங்கியது. தம்பி கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். அவன் நெஞ்சுக்குள் அந்த ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. அது எங்கும் போய்விடவில்லை, அவன் அக்காவின் மடியில் இத்தனை நாளும் காத்திருந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டாவது சரணத்தில், பின்னாலிருந்து, மைக்கே இல்லாமல் இன்னொரு குரல் எழுந்தது. கூடத்தின் கடைசியிலிருந்து மேடை வரை தடையில்லாமல் வந்தது. அந்த உயரமான இடத்துக்கு ஏறியது, ஏறி அங்கேயே நின்றது. கூட்டத்தின் நடுவில் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை, சும்மா நின்று அழுதார்.

ஆராதனை முடிந்து வாசலில் போஸ்ட்மாஸ்டர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்பது வருஷமா சாட்சி கேக்கறேன். சாட்சின்னா இதுதான் சாட்சி! ஒரு வார்த்தை காதுல விழல, ஆனா என்னமா பேசின!"

அக்கா அவர் போகிறவரை காத்திருந்தாள். போனதும் தம்பியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பத்து வாரத்துக்கு முன்னால் விழுந்திருக்க வேண்டிய குட்டு.

"ஆறு வாரமா தெரிஞ்சும் ஏன்க்கா பேசாம இருந்த?"

"வாயைத் திறந்தா முதல்ல உன்னைத்தான் கிழிச்சிருப்பேன். அதான் பேசல. ஆண்டவர் வேற, மன்னி மன்னின்னு உயிர எடுத்துட்டு இருந்தார். நீயா வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்னு அவர்கிட்டயும் வீம்பு பிடிச்சேன்."

"பாவம் அத்தான்."

"உனக்கு வச்ச தண்டனைல அவருக்கும் கொஞ்சம் சிந்திடுச்சு. ஈரத் துண்டு போட்டாரே, அதுக்குச் சரியாப் போச்சு."

"அப்புறம் எதுக்கு என் மைக்க இழுத்த? எல்லாரும் கேட்டிருக்கலாமே."

அக்கா முகத்தில் மிச்சமிருந்த பலப்பப் பொடியைத் துடைத்தாள். "கேக்கட்டும்னுதான்டா விரல எடுத்து வச்சிருந்தேன். உன் சாட்சின்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அதே நினைப்பு. நீ அங்க நின்னு 'எங்க அக்கா'ன்ன. கை தானா இறங்கிடுச்சு." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நானும் யோக்கியம் இல்ல. மைக்கில வச்சு, எல்லார் முன்னாடியும், வாயை மட்டும் அசைன்னேன். முதல்ல இழுத்தவ நான்தான். அடுத்த வாரத்துல இருந்து நீ பின்னாடி உக்காந்து பாடு. சுருதி கெட்டா கெடட்டும்."

"நிஜமாவாக்கா?"

"மெதுவாப் பாடு" என்றாள் அக்கா.

மறுநாள் காலை தம்பி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தான், வாயைத் திறந்தான். முதல் வரி முடிவதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் டமால் என்று சாத்தப்பட்டது. இரண்டாவது வரியை அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பாடினான்.